பூமுடி என்றுதான் சொன்னார்கள்

உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் போட்டோ இருக்கிறது? பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி, பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. முகம் நம்மைப் பார்க்கும், ஜடை கண்ணாடியில் தெரியும். உச்சியிலிருந்து நுனி வரை மல்லிகை மொட்டு வைத்துத் தைத்த பூ ஜடை, கடைசியில் குஞ்சலம். அறுபதைத் தாண்டிய நம் செட்டுப் பெண்களில் பாதிப் பேரிடமாவது அது இருக்கும். இருக்கிறவர்கள் தாராளமாகப் பீற்றிக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு இத்தனை வருஷமாக ஒரு கதை வைத்திருந்தேன். அது தப்புக் கதை என்று போன மாதம் தாம்பரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் தெரிந்தது. அதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் கொட்டுகிறேன்.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் இருந்தோம். ஏரிக்குப் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை, தினமும் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடிப்பார். அம்மாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். என் சித்தி. தாம்பரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டு, வரன் வருவதற்காகக் காத்திருந்தாள். அவளுக்கு நல்ல நிறம், நல்ல மூக்கு, நல்ல குரல். முடி மட்டும் இல்லை. டைபாய்டு வந்து கொட்டியது திரும்ப முளைக்கவே இல்லை. எலிவால் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கோ அப்பா வழிச் சுருட்டை. அடர்த்தி என்றால் அப்படி ஓர் அடர்த்தி. அம்மா சீப்பை எடுத்தாலே நான் தெருவுக்கு ஓடிவிடுவேன். உச்சியில் வைத்து நேராகக் கீழே இழுப்பாள், பாதி வழியில் சீப்பு சிக்கிக்கொள்ளும், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். "இது முடியா, தேங்காய் நாரா" என்று அலுத்துக்கொள்வாள்.

சித்திதான் என்னைக் காப்பாற்றினாள். சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு வாரக்கூடாது, ஈரமாக இருக்கும்போதே விரலால் பிரிக்க வேண்டும், நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே வர வேண்டும் என்று எங்கிருந்தோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்து, செம்பருத்தி இலையும் ஊற வைத்த வெந்தயமும் அரைத்து அப்புவாள். கொழகொழவென்று கழுத்தில் வழியும். அந்தப் பச்சை வாசனை இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வாசனைதான். இரண்டு வருஷம் விடாமல் செய்தாள். தோளில் நின்ற முடி இடுப்புக்கு வந்தது. நுனி மட்டும் வெயிலில் அலைந்து அலைந்து செம்பட்டை. அதை வெட்டிவிடலாமா என்று அம்மா கேட்டபோது சித்தி விடவில்லை.

"இருக்கட்டும்க்கா. ஒரு இன்ச் கூட வீணாக்கக் கூடாது."

அக்கம்பக்கத்தில் என்னைச் சித்தி வளர்த்த பொண்ணு என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். லீவில் மல்லிகை மலிந்ததும் பூ ஜடை தைத்து, தாம்பரம் மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுப்பதாகச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் எடுத்தாகிவிட்டது. நான் குஞ்சலத்தைக் கூட முன்கூட்டியே வாங்க வைத்து, பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன்.

இடையில் ஒரு சங்கடம் நடந்தது. சித்தியைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தார் வந்தார்கள். அவளுக்கு நைலான் சவுரி வைத்துப் பின்னி, கனகாம்பரம் சுற்றி உட்கார வைத்தார்கள். நைலான் சவுரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பளபளவென்று மின்னும், தொட்டால் தாம்புக்கயிறு. வந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, பின்னலைக் கையில் வாங்கி லேசாக இழுத்தார். சவுரி பூவோடு சேர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சித்தி மூன்று நாள் சாப்பிடவில்லை.

நல்ல முடியில் சவுரி வாங்கலாம் என்றார் அப்பா. தெருவில் தலைமுடிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர்கள் வருவார்கள் அல்லவா, அந்த முடியெல்லாம் சேர்ந்துதான் சவுரியாகிறது. சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். யார் தலையில் இருந்ததோ, உயிரோடு இருக்கிறவளுடையதோ இல்லையோ, அதை என் தலையில் வைக்க மாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் வீட்டில் சித்தியும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நிற்கும். அம்மாவின் கண் சிவந்திருக்கும். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

லீவு விட்டு மல்லிகை வர ஆரம்பித்த சமயம். ஒரு நாள் அம்மா என்னிடம், "நாளைக்குக் கோவளம் போறோம். நம்ம சாமிக்குப் பூமுடி குடுக்கணும்" என்றாள்.

உங்களுக்கெல்லாம் பூமுடி என்றால் தெரியும். முழு மொட்டைக்குப் பதிலாகப் பெண்கள் நுனியில் மூன்று கொத்து கத்தரித்துச் சாமிக்குக் கொடுப்பது. எனக்குத் தெரியாது. பூ என்றாள், முடி என்றாள், அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. சாமி முன்னால் பூ ஜடை தைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் குஞ்சலத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். சித்தியிடம் ஓடிப்போய், "பூ ஜடை தைக்கத்தானே சித்தி?" என்று கேட்டேன்.

சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். "போயிட்டு வா குட்டி" என்றாள். வகுப்பு இருக்கிறது என்று அவள் வரவில்லை.

எங்கள் குலதெய்வம் கடற்கரை ஓரமாக, சின்னக் கோயில். பக்கத்தில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் மொட்டை அடிப்பவர் உட்கார்ந்திருந்தார். அம்மா என் தலையை ஒற்றைப் பின்னலாகப் பின்னி, மேலேயும் கீழேயும் நூலால் இறுக்கிக் கட்டினாள். நான் பூ எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிடரியில் கத்தரிக்கோல் பட்டபோது சில்லென்று இருந்தது. கறக் கறக்கென்று சத்தம் கேட்டது. ஒரே தடவையில் வெட்ட முடியவில்லை, அவ்வளவு கனம். அப்புறம் தலை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. அதுவரை தலைக்கு ஒரு பாரம் இருந்தது என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் அழவில்லை. அழுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

அம்மா அந்தப் பின்னலை மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பஸ் நிற்கும் இடத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, சாமிக்குக் குட்த்த முடிய வூட்டுக்கு எடுத்துக்கினு போற? அங்கியே வுட்டுட்டு வரணும். பொண்ணு பாரு, எப்டி தேம்பிக்கினு கீது."

"எங்க ஊர் ஏரியில விடறதா வேண்டுதல்" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஏரியில இன்னா சாமி கீது?" என்று அந்த அம்மாள் கேட்டார். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சித்தி என்னைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். என்னை அப்படியே தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "ஐயோ, என் குட்டிக்கு என்ன ஆச்சு, ஏன்க்கா இப்படிப் பண்ணே" என்றாள். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அந்த லீவு முழுக்க நான் ஏரிக்கரையில் போய் நின்று, தண்ணீரில் என் முடி மிதக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். ஆகாயத் தாமரையின் வேர் கருப்பாகத் தெரிந்தால் கூட இறங்கிப் பார்ப்பேன்.

சுருட்டை முடியைக் கழுத்தோடு வெட்டினால் எப்படி இருக்கும் என்று நம்மில் சுருட்டைக்காரிகளுக்குச் சொல்ல வேண்டாம். அது தொங்காது, குடையாக விரிந்துகொள்ளும். பள்ளிக்கூடம் திறந்ததும் எனக்குக் காளான் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது வீடெல்லாம் தீய்ந்த வாடை. கரி இஸ்திரிப் பெட்டி முற்றத்தில் இருந்தது. சவுரி கட்டும் அம்மா ஒருத்தர் உள்ளே வந்திருப்பதாகவும் நான் போகக்கூடாது என்றும் அப்பா சொன்னார். சித்தியின் கொஞ்சூண்டு முடியைக் காதிலிருந்து காது வரை தலையோடு ஒட்டினாற்போல் மெல்லிசாகப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் சவுரியை ஊசி நூலால் தைத்திருக்கிறார்கள். இழுத்தாலும் வராது, அவிழ்த்துக் காட்டச் சொன்னாலும் அவிழ்த்துக் காட்டலாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குச் சித்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான் தெரியும். அப்படி வலித்திருக்கிறது.

அடுத்த நாள் பம்மலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. அவருடைய அம்மா கணீரென்று பேசுகிறவர். காற்றில்லாத புழுக்கம், கரன்ட் வேறு போய்விட்டது. நான் பஜ்ஜித் தட்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"கோச்சிக்காதம்மா, ஜடைய கொஞ்சம் அவுத்துக் காட்டு. முடி சொந்தந்தானான்னு ஊர்ல கேப்பாங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி அவிழ்த்தாள். சவுரி கழன்று வரவில்லை. ஆனால் இஸ்திரி போட்டு நீட்டிய முடி புழுக்கத்தில் வியர்வை பட்டுச் சும்மா இருக்குமா? மேலே படிந்த முடி, தோளுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சுருண்டு எழுந்தது. நுனி செம்பட்டை. என் முடியை எனக்குத் தெரியாதா?

"இன்னாது, கீழ சுருட்டையா கீது?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சித்திதான் தலை நிமிர்ந்தாள். "எங்க குடும்பத்துக்கே அப்படித்தாங்க. வளர வளரச் சுருளும். இதோ, எங்க அக்கா பொண்ணைப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் கையை விட்டு அளைந்தார். "ஆமா, அதே முடிதான். ரெண்டும் ஒண்ணு" என்றார். "அழகா கீது. இவளுக்கு ஏன் வெட்டிட்டீங்க?"

"வேண்டுதல்" என்றாள் அம்மா.

"வளரும் வுடு கண்ணு" என்று என் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா வழிச் சுருட்டை அம்மா வழிக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் மாடிக்கு ஓடிவிட்டேன். சித்தி பின்னாலேயே வந்தாள். பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி குட்டி. உங்கம்மாதான் எடுத்து வச்சிருந்திருக்கா. தைக்கும்போதுதான் பார்த்தேன். வேணாம்னு எப்படிச் சொல்றது, நீயே சொல்லு."

என் முடி அவள் தோளில் கிடந்தது. நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைத்துவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, "நீ என் தலையைத் தொடாதே" என்றேன். "பொய் சொல்லி வெட்டினே. இனிமே தொடாதே." சித்தி அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி துணியைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு அம்மா என் தலையைத் தொடவில்லை. நான் முடியைக் கழுத்துக்குக் கீழே வளரவிடவும் இல்லை. எனக்குச் சந்தோஷம் என்றாலும் துக்கம் என்றாலும் பம்மலுக்கு, சித்தி வீட்டுக்குத்தான் ஓடுவேன். என் பிரசவத்தில் பக்கத்தில் இருந்தது சித்தி. அம்மா டிபன் கேரியரை வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சித்தி வீட்டுக் கூடத்தில் அவளுடைய கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும். பின்னால் நிலைக்கண்ணாடி, கண்ணாடியில் பூ ஜடை. போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பாவம், அவளும் ஏமாந்தவள்தானே என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமான ஒரு வாரத்திலேயே சித்தப்பாவுக்குச் சவுரி விஷயம் தெரிந்துவிட்டதாம். "முடியையா நான் கட்டிக்கிட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். இதற்காகவா என்று எனக்கு இருந்தது. அந்தச் சவுரி எங்கே என்று கேட்டபோது, வெள்ளம் வந்த வருஷம் பெட்டியோடு போய்விட்டது என்றாள் சித்தி.

அம்மா போய் ஆறேழு வருஷம் ஆகிறது. படுக்கையில் இருந்தபோது நான்தான் தலை வாரிவிடுவேன். ஒரு தடவை அவள் கை மெதுவாக உயர்ந்து என் தலைக்கு வந்தது. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி இறங்கிவிட்டது. நானும் அதைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் சித்தியின் பேரன் கல்யாணம். எழுபத்தைந்து வயதில் சித்திக்குக் கொண்டை போட ஆசை வந்துவிட்டது. மண்டபத்தில் எல்லோரும் வீடியோ எடுப்பார்கள், எலிவாலோடு எப்படி நிற்பது என்றாள். சித்தி கேட்டால் நான் மறுப்பேனா? ஒட்டு முடியில் என்னென்ன வகை உண்டு என்று செல்போனில் பார்த்துப் பார்த்து நானே அரை நிபுணர் ஆகிவிட்டேன். தாம்பரத்தில் ஒரு பார்லருக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் கெட்டிக்காரி. முடிக் கற்றைகளை வரிசையாகப் போட்டு விளக்கினாள்.

"கிளிப் வச்சா ரெண்டு நிமிஷ வேலை ஆன்ட்டி. ஆனா இவங்களை மாதிரி சுருட்டை முடின்னா கிளிப் உள்ள மறைஞ்சிடும். உங்களுது மெல்லிசு, வெளிய தெரியும். டேப் ஒட்டறது வேணாம், எண்ணெய் பட்டா வழுக்கிடும். பசை போட்டா எடுக்கும்போது இருக்கற முடியும் வந்துடும். பேசாம தையல் போட்டுடலாம். காதுலேருந்து காது வரைக்கும் சின்னதா பின்னி, அது மேல தச்சிடுவோம். இது இப்ப வந்த டெக்னிக்."

சித்தி சிரித்தாள். நாற்காலியே ஆடும்படி சிரித்தாள். "புதுசா? எனக்கு எங்க அக்கா வீட்ல உக்கார வச்சு இதேதான் பண்ணாங்க. உங்கம்மாவே அப்பப் பொறந்திருக்க மாட்டா."

"ஒரிஜினல் முடியா ஆன்ட்டி?"

"ஒரிஜினலா? இதோ நிக்கிறாளே, இவ முடி. வெந்தயம், செம்பருத்தின்னு ரெண்டு வருஷம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்தேன் அதை. எங்க அக்கா ஒத்துக்கவே இல்ல. குழந்தை முடியில கை வைக்க மாட்டேன்னு ஒரே அழுகை. ஏரியில விழுந்துடுவேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன். எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு முழிச்சா. பூமுடின்னு சொல்லு, பூ ஜடைன்னு நினைச்சுக்கிட்டு அவளே ஓடி வருவான்னு நான்தான் ஐடியா குடுத்தேன். அப்படியே ஓடினா பாவம், குஞ்சலத்தைக் கையில வச்சுக்கிட்டு."

பார்லர் பெண்ணும் சிரித்தாள். கண்ணாடியில் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மாடியில் என் காலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பொய்யை நான் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன், அவள் எப்போதோ மறந்துவிட்டாள்.

அவள் மேல் வந்த கோபம் ஒரு பக்கம். அம்மா மேல் வந்த கோபம் இன்னொரு பக்கம். தங்கையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாயே அம்மா, என்னை விட்டுக்கொடுத்துவிட்டுத்தானே அவளைக் காப்பாற்றினாய்? ஒரு வார்த்தை, கடைசி நாளிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களே சொல்லுங்கள், நான் இதை யாரிடம் போய்க் கேட்பது?

சித்தி கற்றைகளைப் புரட்டி, சுருட்டையாக இருந்த ஒன்றை எடுத்தாள். என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். இத்தனை வருஷப் பழக்கம், அவள் சொன்னால் குனிந்துவிடுவேன். என் நரைத்த தலையோடு அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இதே மாதிரி தச்சிடும்மா" என்றாள்.

"பொண்ணா ஆன்ட்டி?" என்று பார்லர் பெண் கேட்டாள்.

"அக்கா பொண்ணு" என்றாள் சித்தி, என் முடிக்குள் விரலை விட்டு நுனியிலிருந்து மேலே கோதியபடி. "ஆனா நான் வளர்த்தது."

என்னையா, முடியையா என்று நான் கேட்கவில்லை.